படையலுக்கு ஊர் எது?

பழனி தண்டாயுதபாணி சுவாமி கோயிலின் பஞ்சாமிர்தம் 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. தமிழகக் கோயில் பிரசாதங்களில் அந்தப் பதிவை முதலில் பெற்றது இதுதான். வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, பசு நெய், தேன், ஏலக்காய் என்ற ஐந்தும் அதன் சேர்மானங்கள். பேரீச்சம்பழமும் கற்கண்டும் கூடச் சேரும். தண்ணீர் ஒரு சொட்டும் விடுவதில்லை, கெடாமல் காக்க மருந்து எதுவும் இடுவதில்லை. இறைவனுக்கு அபிஷேகமாகும் ஒரு பொருளின் செய்முறையும் எல்லையும் இப்படி அரசுப் பதிவேட்டில் ஏறியதும், சமயச் சிந்தனையின் பழைய கேள்வி ஒன்று புது உருவில் எழுகிறது. படைக்கப்படும் பொருளின் சிறப்பு விளைந்த மண்ணில் இருக்கிறதா, செய்யும் முறையில் இருக்கிறதா, படைக்கும் செயலில் இருக்கிறதா?

மண்ணின் பக்கம் வலுவான நியாயம் உண்டு. வட இந்தியாவில் பஞ்சாமிர்தம் என்றால் பால், தயிர், நெய், தேன், சர்க்கரை. பழனியில் பாலும் தயிரும் இருக்கும் இடத்தை மலைவாழைப்பழம் பிடித்திருக்கிறது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கீழ்ப்பழனி மலையூர்களில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே, மரநிழலில், மழையை நம்பி வளரும் வாழை அது. மலைவாழை வகைகளான விருப்பாட்சி வாழை, சிறுமலை வாழை என்ற இரண்டும் பஞ்சாமிர்தத்துக்குப் பத்தாண்டு முன்பே புவிசார் குறியீடு பெற்றவை. இப்பழத்தில் நீர்ப்பசை குறைவு. அதனால்தான் பிசைந்து வைத்தாலும் சீக்கிரம் புளிப்பதில்லை. தண்ணீர் கூடாது என்ற விதியே இந்தப் பழத்தின் இயல்போடு சேர்ந்து நிற்கிறது. வாழை அசுவினி பரப்பும் முடிக்கொத்து நோய் இம்மலைத் தோட்டங்களைப் பெருமளவு அழித்திருக்கிறது. திசு வளர்ப்பில் உருவான நோயற்ற கன்றுகளால்தான் சாகுபடி ஓரளவு மீண்டது. மலைநிலமான குறிஞ்சிக்கு முருகனாகிய சேயோனைத் தெய்வமாகத் தொல்காப்பியம் வகுத்ததை எண்ணினால், மலைத்தெய்வத்துக்கு மலைப்பழம் என்ற பொருத்தம் தற்செயலாகத் தோன்றுவதில்லை.

மண்ணையும் முறையையும் ஒன்றாகக் கட்டி வைத்ததில் இத்தாலிய ஒயின் சட்டத்துக்கு நிகர் குறைவு. டஸ்கனியின் கியாந்தி உள்ளிட்ட ஒயின்கள் எந்த எல்லைக்குள் விளையவேண்டும் என்று அதன் ஆட்சியாளர் மூன்றாம் கோசிமோ 1716இலேயே ஆணையிட்டார். 1963இல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. புருனெல்லோ தி மொந்தால்சினோ என்ற பெயரைத் தாங்க, சாஞ்சியோவேசே திராட்சையைத் தவிர வேறொன்றும் சேரக்கூடாது. அறுவடைக்குப் பின் ஐந்தாம் ஆண்டு பிறக்கும்வரை அதை விற்கவும் கூடாது. ஆயினும் விதிகள் மாறியிருக்கின்றன. கியாந்தியில் வெள்ளைத் திராட்சை கட்டாயம் சேரவேண்டும் என்றிருந்த காலம் உண்டு. அதை ஏற்காத தயாரிப்பாளர்கள் 1970களில் ஊர்ப்பெயரைத் துறந்து, சாதாரண மேசை ஒயின் என்ற முத்திரையோடு தங்கள் ஒயினை விற்றார்கள். 2006 முதல் கியாந்தி கிளாசிகோவில் வெள்ளைத் திராட்சைக்கு அனுமதியே இல்லை. நேற்றுக் கட்டாயமாக இருந்தது இன்று விலக்கானால், பொருளின் சாரம் அந்த விதியில் இருந்ததாகக் கொள்ள முடியாது. நல்ல செய்முறையைக் காக்கும் வேலிதான் விதி.

கத்தோலிக்கத் திருப்பலியின் விதி வேறொரு பாதையில் செல்கிறது. கொடைக்கானலின் சலேத் மாதா ஆலயத்திலும் உரோமையிலும் அது ஒன்றே. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 924ஆம் விதிப்படி அப்பம் கோதுமையால் மட்டுமே ஆகவேண்டும். இரசம் திராட்சைக் கனியிலிருந்து இயற்கையாக வந்ததாகவும் கெடாததாகவும் இருக்கவேண்டும். அதில் சிறிது தண்ணீர் கலக்கவும் வேண்டும். பொருள் இத்தனை கண்டிப்பாகக் குறிக்கப்பட்டிருந்தும் ஊர் குறிக்கப்படவில்லை. கோதுமையும் திராட்சையும் விளையாத நாடுகளின் கதி என்ன என்ற கேள்விக்கு, வேண்டிய அளவை எங்கும் கொண்டுபோகலாமே என்று 13ஆம் நூற்றாண்டிலேயே இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் விடை சொல்லியிருக்கிறார். இவ்விதியின் முன் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையும் டஸ்கனியின் சாஞ்சியோவேசேயும் சமம். எங்கும் ஒரே பலி என்று நம்பும் சமயத்துக்கு அந்த விடை போதும். இறைவன் ஒவ்வொரு மலையிலும் தனிக்கோலம் கொண்டு நிற்கிறான் என்று நம்பும் சமயத்துக்குப் போதாது.

சைவ மரபு இக்கேள்வியைத் தன் கடைசி எல்லைவரை கொண்டுபோனது கண்ணப்பர் வரலாற்றில். அர்ச்சகர் சிவகோசரியார் ஆகமப்படி நீரும் மலரும் அமுதும் படைக்கிறார். பின்னர் கண்ணப்பர் எனப் பெயர் பெற்ற வேடர் திண்ணனார் வாயில் கொணர்ந்த நீரையும் சுவைத்துப் பார்த்த இறைச்சியையும் படைக்கிறார். இறைவன் இரண்டாவதை உவந்து ஏற்கிறான். இதைக் கொண்டு விதியே வேண்டாம் என்று முடிவு கட்டுவது அவசரம். சிவகோசரியாரை இறைவன் தள்ளவில்லை. வேடரின் அன்பை மறைந்திருந்து காணும் பேற்றை அவருக்கே அளிக்கிறான். திண்ணனாரும் ஏதோ ஒன்றைப் படைக்கவில்லை. தன் காட்டில் கிடைத்தவற்றுள் சிறந்ததைத் தேர்ந்து, சுவைத்து உறுதிசெய்தே படைத்தார். அன்புக்கும் பொருளின் தரத்தில் அக்கறை உண்டு என்பதே அக்கதையில் அதிகம் பேசப்படாத பகுதி.

இந்த வெளிச்சத்தில் புவிசார் குறியீட்டின் எல்லை தெளிவாகிறது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு பொருளின் தரம், பெயர், தன்மை ஆகியவை விளைந்த இடத்தோடு கொண்ட உறவைப் பார்க்கிறது. மத உணர்வைப் புண்படுத்தும் பெயர்களைப் பதிய மறுக்கிறது. படைக்கப்பட்டதா இல்லையா என்பதைச் சோதிக்க அதற்கு வழியில்லை. சோதிக்க முனையாததே சரி. திருப்பதி லட்டு இதே குறியீட்டைப் பெற்றபோது, பிரசாதம் வணிகப் பொருளாகிவிடும் என்ற எதிர்ப்பு நீதிமன்றம்வரை சென்றது. அந்தக் கவலை பொய்யானதன்று. ஆனால் பதிவு காப்பது பெயரையும் செய்முறையையும்தான். டப்பாவில் அடைபட்ட பஞ்சாமிர்தம் எந்தச் சேர்மானங்களால் ஆனது என்று அது உறுதி சொல்லும். அது பிரசாதமாவது சந்நிதியில்.

பழனியிலேயே இதற்குச் சான்று உண்டு. தைப்பூசத்தை ஒட்டி எடப்பாடியிலிருந்து காவடியோடு நடந்து வரும் பர்வதராஜகுலத்தார், மலைமேல் தங்கும் உரிமை பெற்றவர்கள். கோயிலின் தயாரிப்புக் கூடத்தை எதிர்பாராமல், டன் கணக்கில் பழம் பிசைந்து தாங்களே மலையில் பஞ்சாமிர்தம் செய்கிறார்கள். சுவாமிக்குப் படைத்தபின் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். பதிவேட்டுக்கு வெளியே ஆனது என்பதால் அதைப் பிரசாதம் அல்ல என்று பழனியில் எவரும் சொல்வதில்லை.