பெயர் பொறிக்காத காசு

கொல்லிமலையின் பெயரைத் தாங்கிய சங்க காலக் காசுகள் கரூர்ப் பக்கம் கிடைத்திருக்கின்றன. ‘கொல்லிப்பொறை’ என்று தமிழ்ப் பிராமியில் எழுதியிருக்கும். மலையை ஆண்ட வல்வில் ஓரியின் காசு அல்ல அது. ஓரி மாண்டபின் மலை யார் கைக்குப் போனதோ, அந்தச் சேரர் குடியின் காசு.

முள்ளூர் மன்னன் மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரருக்குக் கொடுத்தான் என்கிறது அகநானூறு. மலையமான் குடிக்கும் குதிரை பொறித்த காசுகள் உண்டு. நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தியின் 1997ஆம் ஆண்டு நூல் இவற்றையெல்லாம் விரித்துப் பேசுகிறது. மலையைப் பெற்றவருக்கும் காசு இருக்கிறது, வென்று கொடுத்தவர் குடிக்கும் இருக்கிறது. தோற்றவனுடையது என்று ஐயமறச் சொல்லத்தக்க ஒன்றை நான் பார்த்ததில்லை.

பழங்காசு சேர்ப்பவர்களுக்கு ஒரு பழக்கம் படிந்துவிடுகிறது. பெட்டியில் இருப்பவன்தான் அரசன் என்று மனம் நம்பத் தொடங்கும். எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலையின் செம்மேட்டுக்குப் போய் ஓரியின் சிலை முன் நின்றால் அந்த நம்பிக்கை ஆட்டம் காணும். ஆடிப்பெருக்கை ஒட்டி இன்றும் அவனுக்கு அங்கே விழா எடுக்கிறார்கள்.

புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் காட்டும் ஓரியை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைக்கிறது. எய்தவன் யாரென்று தெரியாமலே பாணர் கூட்டம் பாடுகிறது. தன் பெயர் காதில் விழுந்ததும் அவன் நாணுகிறான். மான் இறைச்சியும் மதுவும் தன் மலைப் பொன்னும் மணியும் அள்ளித் தருகிறான். 8ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் மெர்சியாவை ஆண்ட ஓஃபாவின் வெள்ளிப் பென்னியிலோ மன்னன் பெயரோடு அச்சடித்தவரின் பெயரும் இருக்கும். ஆட்சி நடத்த மன்னன் பெயர் அப்படித் தேவைதான். அங்கே காசுக்கு உறுதி தந்தது அந்தப் பெயர். ஆனால் எப்படி வாழ்வது என்று கேட்டால் என் மனம் நாணியவன் பக்கமே சாய்கிறது.

சங்க காலக் காசுகள் பலவற்றில் எழுத்தே கிடையாது. யானை, குதிரை, வில், மீன் என்று சின்னங்கள் மட்டும். அப்படியொரு காசு யாருடையது என்பதற்குச் சின்னத்தோடு கிடைத்த இடமும் சாட்சி. அந்த இடம் தெரியாமல் போனால் காசு வெறும் உலோகம். பெயர் பொறித்த மன்னனுக்கு அதனால் இழப்பு குறைவு, பொறிக்காதவனுக்கோ வேறு வழியே இல்லை. கொல்லிமலையில் உழவிலோ கிணறு தோண்டும்போதோ எழுத்தில்லாத காசு ஒன்று வெளிப்பட்டு, எங்கே கிடைத்தது என்று யாரும் குறிக்காமல் கைமாறிவிட்டால், அது ஓரியுடையதா என்று கேட்கக்கூட நமக்கு வழியிருக்காது.

ஆகவே காசு சேர்க்கும் நண்பர்களே, விலை பேசுமுன் எந்த ஊர், எந்த நிலம் என்று கேளுங்கள், காசு உறையின் மேலேயே எழுதி வையுங்கள். மண்ணில் காசு கண்டவர்கள் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்வதும் அதைத்தான்.