குடும்பிமலை ஏற்றம்

சமதரையில் வளர்ந்த கால்கள் எங்களுடையவை. மட்டக்களப்பு வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை மணல், அந்தப் பக்கம் படுவான்கரை வயல். கல்லடிக் கடற்கரையில் எவ்வளவு ஓடினாலும் ஏற்றம் எப்படியிருக்கும் என்று கால்களுக்குத் தெரியவராது. அதற்குக் கிரான் வழியாக மேற்கே, புலிபாய்ந்தகல் தாண்டிப் போக வேண்டும். குடும்பிமலையின் உயரம் 500 மீட்டருக்குச் சற்று மேல். 2,243 மீட்டர் சிவனொளிபாதமலைக்குப் பக்கத்தில் வைத்தால் சின்னதுதான். ஆனால் தட்டையான காட்டுக்கு நடுவே தனியே எழுந்து நிற்கிறது. எங்களுக்கு அது போதும்.

*

அடிவாரத்தை நெருங்கும்வரை மாட்டுத்தடங்களில் ஓடலாம். குளம்பு பட்டுப்பட்டு இறுகிய மண் காலுக்கு இதமாக இருக்கும். மாடு மேட்டில் நேராக ஏறுவதில்லை. சரிவைச் சாய்வாக வெட்டித்தான் போகும். அந்த வளைவை நம்பி ஓடினால் மூச்சு மிச்சமாகும்.

இந்தப் பக்கத்தில் பட்டி வைத்திருப்பவர்கள் நாள் முழுக்க மாட்டின் பின்னால் நடப்பவர்கள். மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் மேய்ச்சல் தரையைக் கேட்டு 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கினார்கள். அவர்களுக்குப் பிழைப்பான நிலத்தில் நாங்கள் விருப்பத்துக்கு ஓடுகிறோம். பட்டிக்காரர் எதிர்ப்பட்டால் ஓட்டத்தை நிறுத்தி, நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவோம்.

*

சரிவு நிமிர்ந்ததும் ஓட்டம் தானாகவே நடையாகிவிடும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆல்பெர்டோ மினெட்டி என்ற உடலியல் ஆய்வாளரும் அவரது குழுவினரும் மலையோட்டக்காரர்களைச் சாய்வான ஓட்டப்பொறியில் ஓடவிட்டு அளந்து, 2002 இல் முடிவை வெளியிட்டார்கள். 100 மீட்டருக்கு 45 மீட்டர் எழும் சரிவில் ஓடினால், ஒவ்வொரு மீட்டருக்கும் சமதரையில் ஆவதைப் போல ஐந்து மடங்குக்கு மேல் சக்தி செலவாகிறது. அதே சரிவில் நடந்தால் செலவு சற்றுக் குறைவு. முழங்காலில் கையூன்றி நடப்பவனும் மலையோட்டக்காரன்தான்.

*

ஏற்றத்தில் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. பேச்சுத்தான் கணக்கு. கீழே கதை முழுதாக வரும். கொஞ்சம் ஏறியதும் வசனம் பாதியில் அறும். பிறகு ஒற்றைச் சொல். மறுகா அதுவும் இல்லை. முன்னால் போகிறவனின் சப்பாத்துக் குதி மட்டும் கண்ணில் நிற்கும். பின்னால் வருகிறவனின் மூச்சு காதில் விழும். அந்த மூச்சு சீராக இருந்தால் வேகம் சரி. அது கிழிபடத் தொடங்கினால், யாரும் கேட்காமலேயே முன்னால் போகிறவன் மெதுவாகிவிடுவான். "நில்லுகா, மூச்சு வரட்டும்." இப்படிச் சொல்வதற்கு யாரும் தயங்குவதில்லை, அந்தத் தயக்கம் போனதுதான் எங்கள் நட்பில் எனக்குப் பெரிய விசயம்.

தனியே ஏறினால் இன்னும் வேகமாக ஏறலாம். எனக்கு அந்த வேகம் வேண்டாம்.

நிற்கிற இடத்தில் உள்ளங்கையைப் பாறையில் வைப்பேன். காலை வெயிலிலேயே சூடு ஏறியிருக்கும். நெற்றியிலிருந்து விழும் வேர்வைத்துளி கல்லில் கறுப்பாய் ஒரு பொட்டு வைத்து, ஓரத்திலிருந்து சுருங்கி, அடுத்த துளி விழுமுன் மறைந்துவிடும். பழக் காலமென்றால் யாராவது வழியில் பொறுக்கிய பாலைப்பழம் கை மாறும். அதன் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். பிறகு கொஞ்ச நேரம் பேச்சே வராது.

*

எங்கள் வயதுக்காரர்களுக்கு இந்த மலை முதலில் செய்தியாகத்தான் வந்தது. சிங்களத்தில் இதன் பெயர் 'தொப்பிகல'. போரில் அது பிடிபட்டதாக 2007 ஜூலையில் அரசு அறிவித்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பே படுவான்கரைச் சனங்கள் கையில் கிடைத்ததோடு வாவியைக் கடந்து இந்தப் பக்கம் வந்திருந்தார்கள். குண்டுச் சத்தம் வந்த திசையில் இப்போது விரும்பிப் போய் மூச்சு வாங்குகிறோம். இதைச் சந்தோசம் என்று மட்டும் எழுத எனக்கு மனம் வருவதில்லை. உச்சியில் கொஞ்ச நேரம் யாரும் படம் எடுக்காமல் இருப்போம். வானம் தெளிந்திருந்தால் கிழக்கே வயலும் அதற்கப்பால் கடலும் வெளிறித் தெரியும்.

*

இறக்கத்தில் மூச்சு வாங்காது. நோவு தொடையில், அதுவும் அடுத்த நாள்தான் தெரியும். தசை நீண்டபடியே உடம்பின் பாரத்தைத் தாங்குவதால் அதன் இழைகள் நைந்துபோகின்றன. சின்ன அடியாக வைத்து இறங்குவதே நல்லது.

*

போக நினைப்பவர்களுக்கு: அடிவாரத்தில் சொல்லிவிட்டு ஏறுங்கள். போர் நடந்த காடு, தடத்தை விட்டு விலகாதீர்கள். யானை நடமாடும் இடம், இருட்டுமுன் இறங்கிவிடுங்கள். தண்ணீர் கொண்டுபோங்கள், வெறும் போத்தலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். மாரி பிடிப்பதற்குள் போய் வாருங்கள். வெள்ளம் ஏறினால் கிரானிலிருந்து புலிபாய்ந்தகல்லுக்குப் போகும் வீதி தண்ணீருக்குள் மூழ்கிவிடும். அந்தப் பக்கத்துச் சனங்கள் அப்போது ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் தோணியில்தான் வருகிறார்கள்.