பறித்தவன் கடன்

செடியிலிருந்து ஒரு பூவைக் கிள்ளி எடுத்துவிட்டு, 'ஐயோ, வாடிவிடப் போகிறதே!' என்று கவலைப்படுவதில் ஏதாவது நியாயம் இருக்கிறதா? வாடக் கூடாது என்று உண்மையாகவே நினைப்பவன் அதைச் செடியிலேயே விட்டு வைத்திருக்கலாமே? ஜீவகாருண்யம் பேசும் நண்பர் ஒருவர் அடிக்கடி இப்படிக் கேட்பார். பூ ஜாடியைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "இது வாழ்வு அல்ல ஐயா, சாவை நாலு நாள் தள்ளிப் போடுவது" என்பார்.

கேள்வி சின்னதுதான். ஆனால் திருச்சிக்காரர்கள் இதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. பூவுக்காக ஒரு தலைநகரமே மண்ணில் புதைந்தது என்று சொல்கிற ஊர் அல்லவா இது?

மலைக்கோட்டைத் தாயுமானவருக்குச் செவ்வந்திநாதர் என்றும் ஒரு பெயர் உண்டு. சாரமா முனிவர் நந்தவனம் அமைத்து, செவ்வந்தி வளர்த்து, நாள்தோறும் அவருக்குச் சாத்தி வந்தார். பூ வணிகன் ஒருவன் அந்தப் பூக்களைத் திருடி, உறையூரில் ஆண்ட சோழ மன்னனிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். அரசி சூடி மகிழ்ந்தாள். முனிவர் மன்னனிடம் முறையிட்டார், பலன் இல்லை. ஈசனிடம் முறையிட்டார். கிழக்கே பார்த்திருந்த ஈசன் மேற்கே, உறையூர்ப் பக்கம் திரும்பினார். மண்மாரி பொழிந்தது. சைவ எல்லப்ப நாவலரின் செவ்வந்திப் புராணம் சொல்லும் கதை இது. இன்றைக்கும் மூலவர் மேற்கு முகமாகத்தான் இருக்கிறார்.

இந்தக் கதை என்னை வெகுநாள் உறுத்தியதுண்டு. திருடியவன் ஒருவன், வாங்கிக் கொண்டவன் ஒருவன். உறையூரில் தறி போட்டுக் கொண்டிருந்தவனும் தொட்டிலில் கிடந்த குழந்தையும் என்ன செய்தார்கள்? நம் முன்னோருக்கும் இது உறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் உறையூர் வெக்காளியம்மனைப் பற்றி இன்னொரு கதை சொல்லியிருக்க மாட்டார்கள். வீடிழந்த ஜனங்கள் எல்லாருக்கும் கூரை கிடைக்கிற வரையில் தனக்கும் கூரை வேண்டாம் என்று, வெயிலிலும் மழையிலும் திறந்த வெளியில் இருக்கிறாள் அவள்.

அது இருக்கட்டும். இந்தக் கதையில் குற்றம் எது? பறித்தது அல்ல. முனிவரும் பறித்தார், திருடனும் பறித்தான். வெட்டுப்பட்ட காம்புக்கு இரண்டு விரலும் ஒன்றுதான். ஆனால் முனிவருடைய விரல் அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிய விரல். பறித்த பிறகு பூ எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதும் அதற்குத் தெரியும். பறிக்கும் நிமிஷத்தை மட்டும் பார்த்தால் பாவ புண்ணியம் விளங்காது. அதற்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டும்.

பின்னால் வரும் காரியம் லேசானதல்ல. ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூச்சந்தையில் விடியற்காலம் நின்று பார்த்தால் தெரியும். எட்டரை, கோப்பு முதலிய கிராமங்களிலிருந்து மல்லிகை மொட்டாக வந்து இறங்கும். மலர்ந்த மல்லிகையைப் பறித்துப் பிரயோஜனமில்லை. காலையில் பறித்த மொட்டு, தொடுத்த பிறகு, மாலையில்தான் அவிழ வேண்டும். அதுவரையில் அதைக் காப்பது ஒரு வித்தை. குளிர் நாட்டார் போற்றும் பியோனி என்ற பூ நம் ஊர் வெயிலில் வராது. பனிக்காலக் குளிர் பட்டால்தான் பூக்கும். அதையும் மொட்டாகவே வெட்டுகிறார்கள். தொட்டால் மெத்தென்று இருக்கும் பதத்தில் வெட்டி, குளிர் அறையில் வாரக்கணக்கில் உறங்க வைத்து, வேண்டும்போது தண்ணீர் காட்டி மலர வைக்கிறார்கள்.

காம்போடு ஜாடியில் வைக்கும் பூவுக்கு வேறு உபசாரம். வெயில் ஏறுமுன் வெட்ட வேண்டும். செவ்வந்தியானால், அடியில் கட்டைபோல் இருக்கும் பாகத்தை விட்டு, பசுமையான இடத்தில், கூரான கத்தியால் சாய்வாக வெட்ட வேண்டும். வெட்டிய உடனே தண்டின் நுண்ணிய குழாய்களில் காற்றுப் புகுந்து நீரேற்றத்தைத் தடுக்கும்; ஆகையால் தண்ணீருக்குள் வைத்தே நுனியை இன்னொரு முறை நறுக்குவது நல்லது. நீரில் மூழ்கும் இலைகளைக் களைய வேண்டும். அவை அழுகினால் கிருமி பெருகி அதே குழாய்களை அடைத்துவிடும். கொஞ்சம் சர்க்கரையும் சில சொட்டு எலுமிச்சைச் சாறும் சேர்ப்பவர்கள் உண்டு. சர்க்கரை பூவுக்கு ஆகாரம். புளிப்பு கிருமிக்குத் தடை. பழுத்த வாழைச் சீப்பின் அருகில் ஜாடியை வைக்கக் கூடாது. பழத்திலிருந்து வரும் எதிலீன் வாயு பல பூக்களுக்குச் சீக்கிரம் மூப்பைக் கொண்டுவரும். எல்லாவற்றையும்விட முக்கியம், தினமும் தண்ணீர் மாற்றுவது. அது தவறினால் மற்ற உபாயம் எல்லாம் வீண்.

கோயிலுக்கு என்றால் சரி, கூடத்து மேஜைக்கு என்றால் தப்பு என்றும் சிலர் சொல்வார்கள். ஜப்பானியரின் பூ அலங்காரக் கலையே புத்தர் சந்நிதியில் பூ வைத்த வழக்கத்திலிருந்து பிறந்ததுதான். பூ எந்த இடத்தில் இருக்கிறது என்பதைவிட, அதை யார் கவனிக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

பூவின் பக்குவத்தை எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தவள் ஸ்ரீரங்கத்தில் இருந்த என் அத்தைப் பாட்டி. "தண்ணி ரொம்பத் தெளிச்சா கறுத்துப் போயிடும்டா குழந்தே. ஈரத்துணி போட்டு மூடு, ஆனா அது மூச்சு விட எடம் வை" என்பாள். வாழை நாரில் அவள் தொடுத்த சரம் அகத்துப் பெருமாள் படத்துக்கும், அண்டை அயலில் இருந்த அத்தனை பெண்களின் கூந்தலுக்கும் போகும். பெருமாளுக்குப் போகிற பூவை முகரக் கூடாது என்பது சாஸ்திரம். மற்றப் பூவை அவள் சூடக் கூடாது என்பதும் ஒரு சாஸ்திரம். பதினெட்டு வயதில் தாலி இழந்தவள். பிறந்தகத்திலிருந்து பிரித்து எடுத்தார்கள். புக்ககத்தில் வேர் விடுமுன் அங்கிருந்தும் பிரித்தார்கள். பிறகு ஐம்பது வருஷம் சாப்பாடு போட்டார்கள். சாப்பாடு போட்டோம் என்று பெருமையாகவும் சொல்லிக் கொண்டார்கள். 'நீயும் ஒரு கண்ணி வைத்துக் கொள்ளேன்' என்று வீட்டுப் பெரியவர்களில் ஒருவரும் சொன்னதில்லை. பூவுக்கு மூச்சு விட இடம் வேண்டும் என்று அறிந்த கைகளைச் சுற்றி அப்படி ஓர் இடம் இருக்கவில்லை.

நண்பருக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். 'பறிக்கலாமா?' என்ற கேள்வி பறிப்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது. அப்போது கேளுங்கள்; பலமாகவே கேளுங்கள். பறித்த பிறகு அதைக் கேட்டுக் கொண்டு நிற்பது, தண்ணீர் ஊற்றாமல் இருப்பதற்கு ஒரு சாக்காகத்தான் முடியும். மறுபடி செடியில் ஒட்ட வைக்க முடியாது. வாடுவதை நிறுத்தவும் முடியாது. இடையில் நாலு நாள் இருக்கிறது. அந்த நாலு நாள் நம் பொறுப்பு.

உலகில் நம் கைக்கு வந்து சேருபவை பலவும் எங்கிருந்தோ வெட்டுப்பட்டு வந்தவைதாம். கல்யாணம் ஆகி வரும் பெண், விடுதியில் விடப்பட்ட பையன், கிராமத்து வீட்டை விற்றுவிட்டு மகனோடு பட்டணத்து அடுக்கு மாடியில் வந்து தங்கும் கிழவர். இவர்களை வெட்டியவர் நாமாகவும் இருக்கலாம், காலமாகவும் இருக்கலாம். யார் வெட்டினார்கள் என்ற வழக்கு சாவகாசமாக நடக்கட்டும். அதற்குள் தண்ணீர் பழசாகிவிடும். காலையில் எழுந்ததும் அதை மாற்றுகிறவன் புண்ணியவான் என்று நான் சொல்லவில்லை. வாங்கிய கடனில் அன்றைய தவணையைக் கட்டியவன், அவ்வளவே.