அமைதியில் அமர யாருக்கு நேரம்?

அமைதியைத் தேடிப் பழனி மலைக்கு வருவது புதிய வழக்கமன்று. 1895-இல் இயேசு சபையார் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரியைத் தொடங்கினர். குருத்துவத்துக்கு அழைப்புப் பெற்ற இளைஞர் தலைமுறை தலைமுறையாக அங்கே மௌனம் பயின்றனர். 1996-இல் அதே சபையின் அமா சாமி அடிகளார் பெருமாள்மலையில் போதி செண்டோ என்னும் தியான இல்லத்தை நிறுவினார்.

இதே மலைத்தொடரின் கீழ்ப்பகுதியில் ஆடலூர் இருக்கிறது. காப்பித் தோட்டமும் மிளகுக் கொடியும் சூழ்ந்த ஊர். இங்கும் அமைதிக்குக் குறைவில்லை. ஆனால் கார்த்திகை, மார்கழியில் காப்பிப் பழம் சிவக்கும்போது, விடியுமுன் உலை வைத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஆயத்தப்படுத்திவிட்டுத் தோட்டத்துக்கு ஓடும் தாயிடம், "தனித்திருந்து இறைவனின் அழைப்பைக் கேளுங்கள்" என்று எந்த முகத்தோடு சொல்வது? அவளைச் சுற்றிலும் மௌனம் நிற்கிறது. அதில் அமரத்தான் அவளுக்கு நேரமில்லை.

புனித இஞ்ஞாசியார் இதை எண்ணாமல் இல்லை. அவருடைய ஆன்மீகப் பயிற்சிகளை முழுமையாகச் செய்ய ஏறத்தாழ முப்பது நாள்கள் வேண்டும். ஆயினும் உலகப் பணிகளை விட்டு வர இயலாதோர் நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி அவற்றைச் செய்யலாம் என்று, நூலின் தொடக்கத்தில் பத்தொன்பதாம் குறிப்பில் வழி வைத்தார். அந்த ஒன்றரை மணியும் ஆடலூர்த் தாய்க்குப் பெருஞ்செல்வம்தான்.

"உழைப்பே செபம்" என்று சொல்லி இக்கேள்வியை எளிதாக முடித்துவிடுவோர் உண்டு. நமக்கு அது போதவில்லை. ஆண்டவரையும் கப்பர்நாகூமில் ஊர் முழுவதும் வாசலில் திரண்டு நெருக்கியது. அவரோ இருட்டோடே எழுந்து தனியிடம் சென்றார். எல்லோரும் தேடுகிறார்கள் என்று சீமோன் வந்து சொன்னபோது, திரும்பி அவர்களிடம் போகாமல் அடுத்த ஊர்களுக்குப் புறப்பட்டார். அந்தத் தனிமை இல்லையேல், அவர் எங்கே போக வேண்டும் என்பதை வாசலில் நின்ற கூட்டமே முடிவு செய்திருக்கும். உழைக்கிறவர் நாள் முழுவதும் அடுத்தவர் குரலுக்கே ஓடுகிறார். தம்மைப் பெயர் சொல்லி அழைக்கும் குரலை எப்போது கேட்பார்?

சிறுவன் சாமுவேலும் அப்படித்தான் ஓடினான். மூன்று முறை ஏலியிடம் ஓடினான். அழைப்பவர் ஆண்டவர் என்று உணர்ந்து, அவனைத் திரும்பப் போய்ப் படுக்கச் சொன்னவர் ஏலி. பார்வை மங்கிய அந்த முதியவர், தமக்குப் பணிவிடை செய்யும் பிள்ளையை அந்த இரவு இறைவனுக்கென விட்டுக்கொடுத்தார். அமைதி என்பது நாம் நமக்காகத் தேடிக்கொள்வது மட்டுமன்று. ஒருவர் மற்றவருக்கு ஏற்படுத்தித் தருவதும் ஆகும். கணவர் அடுப்பு மூட்டினால் மனைவிக்குக் கால் மணி நேரம் கிடைக்கும். அதில் அவள் செபிப்பாளா, அசந்து உறங்கிவிடுவாளா என்று சிரிப்போரும் இருக்கலாம். சாமுவேலும் படுக்கையில் இருந்தபோதுதான் அழைக்கப்பட்டான்.

பங்குகளிலும் இதைக் கருத வேண்டும். திருவருகைக் காலத் தியானம் காப்பிப் பறிப்பின் நடுவில் வருகிறது. கூலியை இழந்து யார் வருவார்? பழம் பறித்து முடிந்தபின், தவக்காலத் தொடக்கத்தில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நான்கு பேரை அமர்த்திவிட்டுத் தாய்மாரை அழைத்துப் பார்க்கலாம்.