பரிமாறுவோன் ஆளலாமோ?

உழைப்பவனுக்குத் தலைமை தாங்கத் தெரியாது என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக நிலவி வரும் கருத்து. இதனை எவரும் ஏட்டில் எழுதி வைக்கவில்லை. ஆயினும் ஆலையிலும் அங்காடியிலும் உணவுச்சாலையிலும் இதுவே சட்டமாக நடக்கின்றது. முதல் போட்டவன் கட்டளையிடுவான், மற்றவன் கீழ்ப்படிவான். இஃது இயற்கைதானா? அன்பர்களே, இந்தியன் காபி ஹவுஸ் என்னும் உணவுச்சாலைகளின் வரலாற்றை இக்கேள்விக்கு உரைகல்லாகக் கொள்வோம்.

1936-இல் பம்பாய் சர்ச்கேட்டில் முதற்கடை திறக்கப்பட்டது. காபி விற்பனையைப் பெருக்குவதற்கென அமைந்த குழுவின் ஏற்பாடு அது. பின்னர் காபி வாரியத்தின் பொறுப்பில் நாடெங்கும் ஏறத்தாழ 50 கடைகள் இயங்கின. 1950-களின் நடுவில் வாரியம் அவற்றை மூட முடிவு செய்தது. வேலையிழந்த தொழிலாளரிடம், மீண்டும் வேலை கேட்பதோடு நில்லாமல், கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கடைகளையே ஏற்று நடத்துமாறு பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலன் வலியுறுத்தினார். 1957 ஆகஸ்ட் 19 அன்று பெங்களூரில் முதற்சங்கம் தோன்றிற்று. அவ்வாண்டே டில்லியிலும், 1958-இல் திருச்சூரிலும் தொழிலாளரின் கடைகள் எழுந்தன. வெள்ளுடையும் விசிறித் தலைப்பாகையும் முன்போலவே இருந்தன. அவற்றை அணிந்தவன் கடைக்கு உரியவன் ஆனான்.

இனித்தான் உண்மையான இடர். எல்லோரும் உரியவர் என்றால், கழுவாத கோப்பைக்காக யார் யாரைக் கண்டிப்பது? நான் தறி ஓட்டிய ஆலையில் மேஸ்திரிக்கு இந்த இடர் இருந்ததில்லை. அவர் கூவினால் போதும். அவர் காரணம் சொல்லி நான் கேட்டதேயில்லை. அவரிடம் காரணம் இருந்ததா என்பதும் ஐயமே. சங்கத்திலோ, கண்டிக்கப்படுபவன் நாளை வாக்களிப்பவன். அவ்வாக்குக்கு அஞ்சி மேற்பார்வையாளன் வாய் மூடினால், கோப்பை அழுக்காகவே இருக்கும். வந்தவர் மறுமுறை வாரார். அத்தனை குடும்பங்களின் சோறும் குறையும். ஆகவே அவனுடைய மௌனத்தை அன்பு என்று கொள்ளலாகாது. அது பிறர் உணவிலிருந்து எடுத்து ஒருவனுக்குக் கொடுக்கும் சலுகை.

அவ்வாறாயின் கண்டிக்கும் தகுதி எங்கிருந்து வரும்? கேரளச் சங்கங்களில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாய்ச் சேர்பவர் மேசை துடைத்தல், பாத்திரம் கழுவுதல் முதலிய அடிநிலைப் பணியில் தொடங்கிப் பின்னரே பரிமாறுதல், சமைத்தல், மேற்பார்த்தல் என உயர்வர். தானே கழுவிய கை, கோப்பையைச் சுட்டினால் எதிரில் நிற்பவனுக்கு அவமானம் தோன்றுவதில்லை. சொல்பவனுக்கும் அந்த வேலையின் அலுப்புத் தெரியும். அதனால் எந்த அளவுக்குச் சொல்வது என்பதும் தெரியும். பெரும் படிப்புப் படித்து நேரே நாற்காலியில் அமர்பவர்க்கு இது எளிதில் வாய்ப்பதன்று.

இவ்வளவும் இருந்தால் கடை தழைக்கும் என்று நான் உறுதி கூறேன். பெங்களூர் மகாத்மா காந்தி சாலைக் கடை 2009-இல் தன் பழைய இடத்தை இழந்து சர்ச் தெருவுக்குப் பெயர்ந்தது. நல்ல எண்ணத்தைக் கண்டு இடத்துக்காரர் வாடகையைக் குறைப்பதில்லை. ஆயினும் கோபாலன் 1977-இல் மறைந்த பின்னரும் பல ஊர்களில் இக்கடைகள் நடந்து வருகின்றன. தான் இன்றியும் நடக்குமாறு ஒரு செயலை மற்றவர் கையில் ஒப்படைத்துச் செல்வதைத் தலைமை என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

ஒன்று மட்டும் என் மனத்தை உறுத்துகின்றது. உரிமை பெற்ற தொழிலாளர், உறுப்பினரல்லாத ஒருவனைத் தினக்கூலிக்கு அமர்த்தினால், அவனுக்கு அவர்கள் யார்? தோழரா, முதலாளியா? கூட்டுறவுக் கடை எதற்கேனும் செல்லும் அன்பர்கள் மேலாளரை விட்டு, பின்கட்டில் கோப்பை கழுவுபவரைக் கண்டு, ஐயா, உமக்கு இங்கே வாக்கு உண்டா என்று கேட்டு வாருங்கள்.