பத்து நாட் பயிர்

வந்தவாசிப் பகுதியிலிருந்து பணியின் பொருட்டுக் கோவையில் குடியேறிய ஒரு நயினார் குடும்பத்தாரின் இல்லத்திற்கு அண்மையில் சென்றிருந்தோம். அடுக்குமாடி வீடு, தோட்டமில்லை. சமையலறைச் சன்னலோரம் ஒரு தட்டில் சூரியகாந்தித் தளிர்கள் நெருக்கமாக நின்றன. இக்காலத்தில் மைக்ரோகிரீன்ஸ் என்று வழங்குவது இதுவே. மருமகள் அவற்றைக் கத்தரித்துப் பச்சையாகவே பரிமாறினார். மாமியார் மட்டும் தம் இலையில் இட வேண்டாமெனக் கையமர்த்தினார். "இதில் ஒரு புழுகூட இல்லையே, அத்தை! கடைக்கீரையைவிட இது தூயதல்லவா?" என்றார் மருமகள். மூதாட்டி ஒன்றும் கூறவில்லை. இருவரும் நம் முகத்தைப் பார்த்தனர். அன்று நம்மாலும் உடனே விடை கூற இயலவில்லை.

முறையை அறியாதார்க்குச் சிறிது கூறுவோம். தோல் நீக்காத விதையை எட்டு மணி நேரம் ஊறவைத்து, தென்னை நார்க்கழிவு பரப்பிய தட்டில் தூவுவர். (பொள்ளாச்சி அருகிருக்க அதற்குப் பஞ்சமில்லை.) மேலே சிறு பாரம் வைத்து மூன்று நாள் இருட்டில் மூடிவைப்பர். பின் வெளிச்சத்தில் வைத்தால், எட்டு முதல் பன்னிரண்டு நாளுக்குள் இரு வித்திலைகளும் விரியும். அடுத்த இலை தோன்றினால் சுவை கெடுமாதலின் அதற்கு முன்னரே அறுத்துவிடுவர். சாகுபடிக்கென விற்கும் விதையில் பெரும்பாலும் மருந்து ஏற்றியிருக்கும். அது இதற்கு ஆகாது.

மருமகளின் வாதம் இலேசானதன்று. இயங்கும் திரச ஜீவன்களைக் கொல்லாமையே இல்லறத்தாரின் அணுவிரதத்தில் முதற்படி. மழைக்காலத்தில் நம்மில் பலர் கீரையை விலக்குவதும் அதிலுள்ள சிற்றுயிர்களைக் கருதியே. வயலில் மருந்து தெளித்தால் மாயும் பூச்சிகளுக்குக் கணக்கில்லை. சன்னலோரத் தட்டிலோ அக்கொலை ஏறக்குறைய இல்லை. இதை ஒப்புக்கொள்ளாமல் பழமை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

ஆயினும் ஓரறிவுயிர்தானே என்று நம் முன்னோர் அதனைத் தள்ளிவிடவில்லை. பெருந்துறையை அடுத்த சீனாபுரத்தவர் என மரபு கூறும் பவணந்தி முனிவர், இலக்கண நூலாகிய நன்னூலிலேயே புல்லையும் மரத்தையும் தொடுவுணர்வுடைய உயிர்களாக வகுத்தார். நேமிசந்திரரின் கோம்மடசாரம், எண்ணிறந்த ஜீவன்கள் ஒருங்குறையும் தாவர உடலை அறிய அடையாளங்கள் தருகின்றது: நரம்பும் கணுவும் புலப்படாமை, முறித்தால் சமமாக முறிதல், வெட்டிய பின்னும் தழைத்தல். சூரியகாந்தி வட அமெரிக்கப் பயிர். நம் ஆசாரியர்கள் அதனைக் கண்டதில்லை. ஆகவே அடையாளங்களைக் கொண்டே நாம் சோதிக்க வேண்டும். வித்திலைக்குக் கீழே அறுத்தால் வளர்முனை போய்விடுவதால் இத்தளிர் மீண்டும் தழைப்பதில்லை. இவ்வளவில் மருமகள் பக்கம் நியாயம். ஆனால் தண்டில் கணுவில்லை, நரம்பு தெரியவில்லை, ஒடித்தால் நறுக்கென்று சமமாக ஒடிகின்றது. இது மாமியார் பக்கம்.

சமந்தபத்திரரோ, பச்சை வேர், இலை, தளிர், விதை முதலியவற்றை உண்ணாமையைச் சிராவகரின் பதினொரு நிலைகளுள் ஐந்தாவதாக வைத்தார். அந்நிலையை ஏற்காதார் உண்டால் விரதபங்கம் என்று நாம் கூறமாட்டோம். மூதாட்டி அதனை மேற்கொண்டவர் என்பது நமக்குப் பின்னரே தெரிந்தது. வேகவைத்தால் அசித்தமாகிவிடுமே என்பாருளர். ஆகும், ஆனால் அறுத்தது அறுத்ததே.

நம் மனத்தை உறுத்தியது வேறொன்று. எண்ணெய் இரகங்களில் ஆயிரம் விதைகளின் எடை ஏறக்குறைய 50 கிராம். ஒரு சிறு தட்டுக்கு அவ்வளவு வேண்டும். ஒரு வேளை உணவில் தொட்டுக்கொள்ள ஆயிரம் செடிகள்! மொட்டைமாடியில் ஒரு பீர்க்கு ஊன்றினால், கொடியைக் கொல்லாமலே பல வாரங்கள் காய் பறிக்கலாம். நெல்லும் கம்பும் கதிர் முற்றித் தாமே பழுத்துக் காயும் பயிர்கள். தம் ஆயுளை ஏறக்குறைய முடித்த செடிகளிடமிருந்தே தானியம் பெறுகின்றோம். சூரியகாந்தியும் அப்படியே. மூன்று திங்களில் தலை கவிழ்ந்து, பூத்தட்டின் பின்புறம் மஞ்சளான பின்னரே உழவர் அதனை அறுக்கின்றார். நாம் பத்தாம் நாளிலேயே அறுக்கின்றோம்.

அப்படியாயின் விதையை வறுத்துத் தின்பது மட்டும் தகுமோ என வினவலாம். அதுவும் குற்றமற்றதன்று. ஆனால் உலர்ந்த விதை உயிர் வந்து தங்குதற்குரிய யோனி. நீர் தெளித்து, இருள் தந்து, ஒளி காட்டி, வா என அழைத்தவர் நாமே. வந்தபின் அறுப்பவரும் நாமே. வினை கருத்தைப் பற்றியது என்னும் நம் நெறியில் இவ்வேறுபாடு சிறிதன்று. கொங்குநாட்டு மாரியம்மன் விழாக்களில் பெண்கள் முளைப்பாரி வளர்த்து நீரில் விடுகின்றனர்; உண்பதற்காக அதனை வளர்ப்பதில்லை. நம் ஆலயப் பிரதிஷ்டைகளின் அங்குரார்ப்பணமும் உணவுக்காக அன்று.

ஆதலின், இதனை உண்பாரை நாம் பழிக்கவில்லை; இதற்கு அகிம்சை உணவு என்று பெயர் சூட்டுவதை மட்டும் ஏற்க இயலவில்லை. இவற்றையெல்லாம் அம்மருமகளுக்குக் கடிதமாக எழுதினோம். தட்டை எடுத்துவிட்டதாக அவர் பதில் எழுதவில்லை. அட்டமி, சதுர்த்தசி நாட்களில் அறுப்பதில்லை என்றும், அத்தைக்காக மாடியில் பீர்க்கு ஊன்றியிருப்பதாகவும், அது பூவிட்டிருப்பதாகவும் எழுதியிருந்தார்.