ஓசிதானே, நிக்கக் கூடாதா?

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாத்திரை இலவசம். இதில் பொய் இல்லை. ஆனால், மாமல்லபுரம் சிற்பப் பட்டறையில் தினக்கூலிக்கு உளி பிடிக்கிறவருக்கு அது சும்மா கிடைப்பதில்லை! திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து, ஓ.பி. சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்த்து, மருந்து கவுன்ட்டரில் நின்று ஊர் திரும்புவதற்குள் அன்றைய கூலி காலி.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். உங்களுக்கு முன்னால் 45 பேர். ஆளுக்கு 2 நிமிஷம். ஆக, ஒன்றரை மணி நேரம்!

'க்யூன்னா எல்லாரும் சமம்தானே?' என்பீர்கள். க்யூவுக்குள் சமம்தான். ஆனால், காசு உள்ளவர் அந்த க்யூவுக்கே வருவதில்லை. வெளியே மெடிக்கல் ஷாப்பில் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். இல்லாதவர், ரூபாய்க்குப் பதில் நேரத்தைக் கொடுத்து வாங்குகிறார். 'ஓசிதானே, நிக்கக் கூடாதா?' என்று நாம் நினைக்கும்போது, அவர் நேரத்துக்கு விலையே இல்லை என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அது நியாயமா?

சரி, என்ன செய்யலாம்? மருந்தாளுநரை விரட்டுவது வழியல்ல. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் என்ற கணித நிபுணர், 1909-லேயே அழைப்புகளைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். அழைப்புகள் சீராக வருவதில்லை; திடீரென்று குவியும். காலை ஓ.பி. முடிகிற நேரத்து மருந்து கவுன்ட்டரும் அப்படித்தான். கூட்டம் குவியும் அந்த நேரத்துக்கு மட்டும் இன்னொரு கவுன்ட்டர் திறக்கலாம். மாதா மாதம் அதே மாத்திரை வாங்குகிறவர்களுக்குத் தனி ஜன்னல் வைக்கலாம்.

தமிழ்நாடு இன்னும் ஒரு படி மேலேயே போயிருக்கிறது. மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்குத் தர, 1994-ல் மருத்துவப் பணிகள் கழகம் வந்தது. 2021 ஆகஸ்ட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி, பி.பி., சுகர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே போயின. க்யூ வேகமாக நகர்ந்தால் நல்லது. க்யூவுக்கே வர வேண்டாம் என்றால் அதைவிட நல்லது!

ஒன்று மட்டும்... நேரத்தைக் குறைக்கிறேன் என்று அந்த 2 நிமிஷத்தில் கைவைத்துவிடக் கூடாது. 'இது ராத்திரிக்கு, இது சாப்பிட்ட பிறகு' என்று எடுத்துச் சொல்வதே அதற்குள்தான். அதை வெட்டினால், வாங்கிய மாத்திரை வீண். குறைய வேண்டியது நிற்கிற நேரம். பேசுகிற நேரம் இல்லை.

அடுத்த தடவை யாராவது 'ஓசிதானே' என்றால், சிரித்துக்கொண்டே கேளுங்கள்: 'உங்க ஒரு நாள் சம்பளம் எவ்வளவு சார்?'